நிரையும் நினைவும்

பீடோங் வட்டாரத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய மூதாட்டி ஒருவர் எழுத்தறியாதவர். ஆயினும் தம் நிரையில் எந்த மரம் காய்ந்துவிட்டது, எந்த மரத்தின் பட்டை தடித்தது என்பனவற்றை இருட்டிலேயே அறிந்து உளியை வைப்பாராம். அத்தனையும் எவ்வாறு நினைவிலிருந்தன என்று பேத்தி ஒரு நாள் வினவினாள்.

"நான் எங்கம்மா ஞாபகம் வச்சேன்? கைக்கே தெரியும்" என்றார் பாட்டி.

அறிவியலார் இன்று தேடுவது ஏறத்தாழ அந்தக் கையைத்தான். வழக்கிலுள்ள கணிப்பொறியில் நினைவகம் ஓரிடத்திலும் கணக்கிடும் பகுதி வேறோரிடத்திலும் உள்ளன. ஒவ்வொரு கணக்குக்கும் எண்கள் இரண்டிற்குமிடையே ஓடித் திரும்பவேண்டும். மரத்துக்கு மரம் ஆபீசுக்கு ஓடிப் பதிவேட்டைப் பார்த்து வருபவர் எத்தனை மங்குகளை நிரப்புவார்? மின்னாற்றலில் பெரும்பங்கு இந்த ஓட்டத்திலேயே தீர்கிறது. மனித மூளைக்கோ ஏறத்தாழ 20 வாட்டே போதும். பழைய குழல்விளக்கு ஒன்றுக்குக்கூட அது போதாது. நரம்பணுக்கள் சந்திக்கும் இடமே நினைவையும் காக்கிறது, வேலையையும் செய்கிறது. பழகப் பழக அவ்விணைப்பு வலுக்கிறது.

தன்னூடே பாய்ந்த மின்சாரத்தை நினைவிற்கொண்டு அதற்கேற்பத் தடையை மாற்றிக்கொள்ளும் உறுப்பொன்று இருத்தல் வேண்டும் என 1971இல் கணித வழியே நிறுவியவர் லியோன் சுவா. அதற்கு மெம்ரிஸ்டர் என்று பெயரிட்டார். எச்.பி. ஆய்வகத்தார் அதை மெல்லிய படலத்தில் கண்டதாக அறிவிக்க 2008 ஆயிற்று. 2024இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சிறீதோஷ் கோஸ்வாமி குழுவினர் மூலக்கூற்றுப் படலமொன்றில் ஏறத்தாழ 16,500 நிலைகளைப் பதித்துக் காட்டினர். வழக்கமான கணிப்பொறி அறிந்தவை இரண்டே நிலைகள். அவர்தம் சுற்றில் 64 கம்பிகள் குறுக்கேயும் 64 கம்பிகள் நெடுக்கேயும் செல்ல, சந்திப்புதோறும் நினைவு தங்குகிறது. இது இன்னும் ஆய்வகப் பருவத்ததே. ஆயினும் இவ்வாய்வின் முற்பகுதி நமக்கு அண்மையிலேயே, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில், வெங்கடேசன் என்னும் இயற்பியலார் துணையோடு நடந்தது என்பதை மாணவர் அறிதல் நன்று.

இவையெல்லாம் பேத்தி படித்துச் சொன்னவை. கேட்டுக்கொண்டிருந்தவர் அவள் தாய். 1980களில் விடியுமுன் ஆலைப் பேருந்தேறிப் பிறைக்குச் சென்றவர் அவர். உருப்பெருக்கியின் கீழ், மயிரினும் மெல்லிய பொற்கம்பியைச் சில்லுகளில் இணைப்பது வேலை. பத்தாண்டில் பார்வை மங்கிற்று. அச்சில்லு எதற்கென்று அவருக்கு ஒருவரும் சொன்னதில்லை. சொல்லவேண்டும் என்று எவருக்கும் தோன்றவுமில்லை. கண்கள் கெட்டதைவிட இதுவே கொடிதென்று எண்ணத் தோன்றுகிறது. மகள் இயற்பியல் படிக்க விரும்பியபோது, "மறுபடியும் பெக்டரிக்கா?" என்று தடுத்தவரும் அவரே.

மகள் கைப்பேசியில் சுற்றின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். தாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பின்னர்ப் படத்தின் விளிம்பில் விரலை வைத்து, "இந்த ஓரத்துலதாண்டி கம்பி இழுப்போம்" என்றார். "நடுவுல என்ன நடக்குதுன்னு இன்னொரு தரம் சொல்லு."