சாயங்காலம் ஆறரை மணிக்கு வீடு பாருங்கள்

செங்காங் வீட்டில் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலமான 5 ஆண்டு முடிந்ததுமே என் கணவர் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். மூத்தவளுக்கு அப்போது மூன்றரை வயது. சின்னவன் தவழ்ந்துகொண்டிருந்தான். கணக்கு வேறொன்றுமில்லை, பெயர்பெற்ற ஒரு தொடக்கப்பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வீடு வேண்டும். இரவு பிள்ளைகள் தூங்கியதும் ஒன்மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்த புளோக் வட்டத்துக்குள், எது வெளியே என்று பார்ப்பார். எதிரெதிரே இருக்கும் இரண்டு புளோக்குகளில் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. விலையிலும் அது தெரியும்.

அந்த வட்டத்துக்குள் ஒரு ஐந்தறை வீடு அமைந்தது. புதுச் சமையலறை, பக்கத்திலேயே எம்ஆர்டி. முகவர் அவசரப்படுத்தினார். தூரத்தைக் காட்டிப் பள்ளியில் முன்னுரிமை வாங்கினால் அந்த முகவரியில் குறைந்தது 30 மாதம் குடியிருந்தாக வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரியும். சரி, எங்கே ஓடப்போகிறோம் என்று இவர் சொன்னார்.

எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. வானொலிக்காரி புத்தி, எங்கே போனாலும் காதுதான் முதலில் வேலை செய்யும். ஒரு புதன்கிழமை மாலை ஆறரைக்குத் தனியாக அந்த புளோக்கின் கீழ்த்தளத்தில் போய் உட்கார்ந்தேன். குளிர்சாதனப் பெட்டிகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. விளையாட்டுத் திடல் காலி. பள்ளிச் சீருடைப் பிள்ளைகள் துணைப்பாட வகுப்புப் பைகளோடு வந்து, மின்தூக்கிக்குள் போய் மறைந்தார்கள். கீழே இருந்த பாலர் பள்ளியில் விசாரித்தேன். தமிழ் கிடையாது, மாண்டரின் வகுப்பில் உட்காரலாம் என்றார்கள்.

செங்காங்கிலும் அதுதான் கதை. என் மகள் சீனப் பாட்டு அழகாகப் பாடுவாள், அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். காலை நிகழ்ச்சிக்காக நாலரை மணிக்கே வீட்டை விட்டுப் புறப்பட்டு, ஊருக்கெல்லாம் தமிழில் வணக்கம் சொல்பவள் நான். ஒருநாள் அவள் தோழியிடம் சொன்னாள், தமிழ் அம்மாவுடைய ஆபீஸ் பாஷை என்று. சிரித்துவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இரண்டாவதாகப் பார்த்தது மார்சிலிங்கில் ஒரு பழைய நான்கறை வீடு. குத்தகைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துவிட்டது. சமையலறைத் தரை ஓடுகள் கண்கொண்டு பார்க்க முடியாது. ஆனால் ஆறரை மணிக்குக் கீழ்த்தளத்தில் பிள்ளைகள் கத்திய கத்தலில் முகவரின் ஃபோன் குரலே எனக்குக் கேட்கவில்லை. ஊஞ்சலை ஆட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எந்த மாடிம்மா பாக்குறீங்க?”

“நாலாவது, பாட்டி.”

“விக்கிறவங்க சீனவங்களாச்சே. இந்த புளோக்குல நம்மாளுங்க கணக்கு ரொம்பிப் போச்சுன்னா வாங்க முடியாது. பாத்துட்டீங்களா?”

நாங்கள் பார்த்திருக்கவில்லை. இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989லிருந்து இருக்கிறது. இந்தியர், மற்றவர் பிரிவுக்கு ஒரு புளோக்கில் 15 விழுக்காடு, பேட்டையில் 12 விழுக்காடு என்பது வரம்பு. அது நிரம்பிவிட்டால் இந்தியரிடமிருந்துதான் இந்தியர் வாங்க முடியும். வீட்டைப் பார்த்து ஆசைப்படுவதற்கு முன்னால் வீவக இணையத்தளத்தில் பார்க்க வேண்டிய விஷயம். அந்த மாதம் இடம் இருந்தது, தப்பித்தோம்.

எந்தப் பாலர் பள்ளியில் தமிழாசிரியர் இருக்கிறார், எந்த மூலையில் கார்கள் கண்மண் தெரியாமல் திரும்பும் என்பதையும் ஊஞ்சலை நிறுத்தாமலே பாட்டி சொல்லி முடித்தார். எந்த முகவரும் இவ்வளவு சொன்னதில்லை.

வீட்டில் மூன்று நாள் சண்டை. “பள்ளிக்கூடத்தை விட ஊஞ்சல் முக்கியமா?” என்று கேட்டார் இவர். நியாயமான கேள்விதான், என்னிடம் நல்ல பதில் இல்லை. என் அம்மா வீடு அட்மிரல்ட்டியில்; 4 கிலோமீட்டருக்குள் என்பதால் 20,000 வெள்ளி மானியம் கிடைக்கும் என்றேன். பணத்தைக் காட்டித்தான் ஜெயித்தேன், மறைப்பானேன்.

இரண்டு ஆண்டு ஆகிறது. எல்லாம் நினைத்தபடி நடக்கவில்லை. பாலர் பள்ளியில் இடம் கிடைக்க ஏழு மாதம் காத்திருந்தோம். இவர் வேலைக்குப் போக முன்பைவிட இருபது நிமிடம் கூடுதல். மழை நாளில் அதை எனக்கு நினைவூட்டத் தவறமாட்டார். மூத்தவளுக்கு அந்தப் பெயர்பெற்ற பள்ளி இனி எட்டாது. அதை நினைத்தால் இப்போதும் சில இரவு வயிற்றைப் பிசையும்.

போன வாரம் திடலில் சின்னவன் சறுக்குமரத்தில் தலைகீழாக ஏறப் போனான். நான் வாயைத் திறப்பதற்குள் மூத்தவள் இடுப்பில் கைவைத்து, அந்தப் பாட்டியின் அதே இழுவையோடு கத்தினாள்:

“எறங்குடா கழுதை, பல்லு போயிரும்!”