சிக்கனம் யாருக்கு?

சென்ற சுற்றாடல் தினத்தன்று எமது பாடசாலையிலே பேச்சுப் போட்டியொன்று நடைபெற்றது. 'காபன் குறைந்த வாழ்வு' என்பது தலைப்பு. சைக்கிளைப் பயன்படுத்துக, பொலித்தீனைத் தவிர்க்குக, மின்சாரத்தைச் சேமிக்குக என்றெல்லாம் மாணவர்க்குக் குறிப்பெழுதிக் கொடுத்தவர் நாமே. பத்தாந்தர மாணவியொருத்தி அதனை வாசித்துவிட்டுக் கேட்டாள்:

"சேர், தடைக்காலத்திலை எங்கட அம்மம்மா ஆக்கள் இப்பிடித்தானே இருந்தவை. அப்ப ஏன் ஒருத்தரும் அவைக்குப் பரிசு குடுக்கேல்லை?"

வகுப்புச் சிரித்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் கூறியது சரித்திர உண்மை. 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் வன்னிமீது விழுந்த பொருளாதாரத் தடை, 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தம் வரை நீடித்தது. எரிபொருள், பற்றறி, சவர்க்காரம், சீமெந்து ஆகியன தடுக்கப்பட்டன. தப்பி வந்தவை ஏழைக்கு எட்டாத விலைக்கு விற்றன.

புளியங்குளத்திலே நாம் எழுத்துக் கற்றது ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிலாகும். போத்தலின் அடியிற் சிறிது பஞ்சு. அப்பஞ்சை நனைக்குமளவு மண்ணெண்ணெய். நடுவே ஒரு திரி. அம்மா பனம்பழக் களியைக் கொண்டு துணி தோய்த்தார். செய்தி கேட்பதாயின் சைக்கிளை நிறுத்தி ஒருவர் மிதியைச் சுழற்றுவார். டைனமோவின் மின்சாரத்தில் வானொலி பேசும். பழைய தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. எவரும் எதனையும் வீசியெறியவில்லை. வீசியெறிய எதுவும் இருக்கவுமில்லை.

இதனைப் பொற்காலமென்று பாடுவோமாயின் நாம் பொய்யுரைத்தவராவோம். அயல்வீட்டுக் குழந்தைக்கு மலேரியாக் காய்ச்சல் முற்றிய இரவிலே வாகனம் இருந்தது, எண்ணெய் இருக்கவில்லை. சைக்கிளின் பின்னிருக்கையில் தாயின் மடியிற் சென்ற அக்குழந்தை வைத்தியசாலை வாசலைக் காணவில்லை. அந்தப் பயணத்தில் ஒரு துளி எரிபொருளும் செலவாகவில்லை. 1997இல், 'ஜயசிக்குறு' படை நடவடிக்கையின்போது, ஏழு வயதில் நாம் இவ்வூரை விட்டு மூட்டைகளுக்கு நடுவே நடந்து போனபோதும் அவ்வாறே.

பறிக்கப்பட்டவனின் வாழ்வைச் சிக்கனமென்று அழைத்தல் தகாது. போதியதை உடையவன் தானாகவே தன் தேவைக்கு எல்லை வகுப்பதே சிக்கனம். இன்றைய கணக்கையும் நோக்குவோம். இலங்கையர் ஒருவரின் பங்காக ஆண்டொன்றுக்கு வெளியேறும் காபனீரொட்சைட்டு, சராசரியாக ஏறத்தாழ 1 தொன். உலகச் சராசரியோ 4 தொன்னுக்கும் மேல். அமெரிக்கர் ஒருவருக்கு அது ஏறத்தாழ 14 தொன். அந்த 1 தொன்னுக்குள்ளும் கொழும்பின் குளிரூட்டிய மாளிகையும் நெடுங்கேணி வீதியோரக் குடிசையும் சமமாக அடங்குவதில்லை. அவ்வாறிருக்க, உபதேசம் மட்டும் குடிசையை நோக்கி வருவதேன்?

2022இல் நாடெங்கும் எரிபொருள் வரிசை நீண்டபோது நாம் மீண்டும் சைக்கிளில் ஏறினோம், இன்னும் இறங்கவில்லை. மீன் வாங்க உமல் கொண்டுபோகிறோம். மதியச் சோற்றை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்கிறோம். இவை நல்ல பழக்கங்களே. ஆயின் எமக்கு மாதச் சம்பளம் உண்டு. பாடசாலையும் அருகிலேயே உண்டு. ஆகவே எம்மால் இயல்கிறது.

கேள்வி கேட்ட மாணவிக்கோ அவ்வாறில்லை. அவள் காலையிலே பருவச்சீட்டுடன் வீதியோரம் நிற்கிறாள். பஸ் வருகிறது, சீருடையைக் கண்டதும் நிறுத்தாமற் செல்கிறது. சில நாள் வெயிலில் நடக்கிறாள். சில நாள் வராமலே நின்றுவிடுகிறாள். இவ்வாண்டு அவளுடைய தந்தையார் லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுத்திருக்கிறார். நெல் விற்ற காசில் ஒரு பங்கு மாதந்தோறும் அதற்குப் போகிறது. நிறுத்தாத ஒரு பஸ் ஒரு குடும்பத்தைக் கடனாளியாக்கியதோடு, புகை கக்கும் இயந்திரம் ஒன்றையும் வீதிக்குக் கொண்டுவந்துவிட்டது. இந்தத் தந்தையிடம் காபன் குறைந்த வாழ்வைப் பற்றிப் பேச எமக்கு என்ன உரிமை உண்டு?

தனிமனிதரின் நற்பழக்கம் வேண்டாமென்று நாம் கூறவில்லை. அம்மம்மாக்கள் அறிந்த கைவினையை மறப்பதும் மூடத்தனமே. ஆனால் உமலும் மண்பானையும் மட்டும் இவ்வுலகைக் காக்கமாட்டா. நேரத்துக்கு வந்து நிற்கும் பஸ்ஸும், கூரைதோறும் சூரிய மின்சாரமும் ஏழைக்கும் எட்டும்போதே சிக்கனம் எல்லார்க்கும் பொதுவாகும்.

போட்டியன்று அம்மாணவி எமது குறிப்பை மடித்து வைத்துவிட்டுத் தன் அம்மம்மாவின் கதையைச் சொன்னாள். முடிவில் அவள் கேட்டது ஒன்றுதான்: காலை ஏழு மணிக்கு நிற்கின்ற ஒரு பஸ்.

அவ்வாரமே நாம் மனுவொன்றை எழுதினோம். பெற்றோர் நாற்பத்தொருவர் கையொப்பமிட்டனர். முதற் கையொப்பம் அந்த அம்மம்மாவினுடையது. பதில் இன்னும் வரவில்லை. இரண்டாவது மனுவை எழுதிக்கொண்டிருக்கிறோம்.