மருந்து

எங்கள் ஊரில் அதற்கு மருந்து என்றுதான் பெயர். விஷம் என்று யாரும் சொன்னதில்லை. ஆடி மழை பெய்து மண் பதமானதும், "கடலைக்கு மருந்து கலக்கணும், பானையை எடுத்தாடா" என்பார் அப்பா. விதைப் பருப்பைப் பானையில் கொட்டி, தைரம் என்ற பூஞ்சாண மருந்துப் பொடியைத் தூவி, வாயைத் துணியால் கட்டிக் குலுக்குவார். விதை அழுகாமல் முளைக்கும். அப்புறம் அந்தப் பானையை வாய்க்காலில் கழுவி வருவது என் வேலை. எனக்குப் பத்து வயதிருக்கும். பொடி வெளுப்பாகக் கரைந்து போவதைப் பார்த்துக்கொண்டே, காலைச் சுற்றும் கெண்டைக் குஞ்சுகளோடு விளையாடுவேன்.

இதெல்லாம் எனக்கு மறந்தே போயிருந்தது, போன மாதம் தங்கை மகள் என்னைத் தன் ஆராய்ச்சிக்கூடத்துக்கு அழைத்துப் போகும் வரையில்.

கதை எழுதுகிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். நானும் அதையேதான் கேட்டேன். இரண்டு வருஷத்தோடு கல்லூரிக்குக் கும்பிடு போட்டவன் நான். "சும்மா வாங்க மாமா, ஒரு உயிர் உருவாகிறதைக் காட்டறேன்" என்றாள்.

கண்ணாடித் தட்டில் கடுகைவிடச் சிறிய முட்டைகள். வரிக்குதிரை மீனின் முட்டைகளாம். நம் கெண்டைக்குத் தூரத்து உறவு. வளர்ந்தாலும் விரல் நீளம் இராது. 1822-இல் பிரான்சிஸ் ஹாமில்டன் கங்கை மீன்களைப் பற்றி எழுதிய நூலிலேயே இதற்கு இடம் உண்டு. இன்று உலகெங்கும் ஆராய்ச்சிக்கூடங்களில் வளர்க்கிறார்கள். காரணம், கரு பளிங்கு போல இருக்கிறது; அறுக்காமலே உள்ளே பார்க்கலாம். மைக்ராஸ்கோப்பில் குனிந்தேன். ஒரே நாள் வயசு. அதற்குள் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் நிமிரவே மனம் வரவில்லை.

"இப்போ இதைப் பாருங்க" என்று அடுத்த தட்டை வைத்தாள். இங்கும் உயிர் இருந்தது, துடிப்பு இருந்தது. ஆனால் முதுகு மட்டும் அலை அலையாக நெளிந்து கிடந்தது.

"என்னம்மா கலந்தே?"

"தைரம், மாமா."

முதுகெலும்பு உண்டாவதற்கு முன்னால் கருவுக்குத் தாங்கலாக இருப்பது முதுகு நாண். லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு தைரம் போதுமாம், அந்த நாணின் உறை உறுதிப்படாமல் போக. கரு உண்டாகிப் பதினேழு பதினெட்டு மணி நேரத்தில் தசைகள் முதன்முதலாகத் துள்ளுகின்றன. அந்தத் துள்ளலைத் தாங்காமல் நாண் வளைகிறது. மயக்க மருந்து கொடுத்துத் துள்ளாமல் வைத்தால் வளைவு குறைகிறதாம். உயிர் வந்த சந்தோஷத்தில் குழந்தை போடும் முதல் துள்ளலே அதன் முதுகை ஒடிக்கிறது என்றால், எந்தக் கதாசிரியன் இப்படி எழுதத் துணிவான்?

அவள் நியாயமானவள். "தட்டு வேற, ஓடற வாய்க்கால் வேற மாமா. இது வெயில்லயும் மண்ணுலயும் சீக்கிரம் சிதைஞ்சுடும்" என்றாள். ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்ததையும் சொன்னாள். எங்கள் வாய்க்காலில் கெண்டை அருகிப் போனதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் பானையைக் கழுவிய கை என்னுடையது. செத்து மிதந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். முதுகு கோணிப் பிறந்த கடுகளவுக் குஞ்சை யார் பார்த்தார்கள்? நீந்தத் தெரியாத குஞ்சைப் பெரிய மீன் விழுங்கிவிடும். வாய்க்கால் எப்போதும்போலத் தெளிந்து ஓடும்.

ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது. அந்தக் கடலையை விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தார். எழுபத்தைந்து வயசு. திண்ணையில் உட்கார்ந்து, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மருந்துன்னுதானேடா குடுத்தாங்க" என்றார்.