கையகலத்தில் ஒரு நூலகம்

1970களில் நாம் சென்னையில் கல்லூரி மாணவராயிருந்தபோது, நூலைப் படிப்பதைக் காட்டிலும் நூலைத் தேடுவதிலேயே மிகுந்த காலம் கழிந்தது. வகுப்பில் 60 பேர். நூலகத்திலோ பாடநூற்படி ஒன்றோ இரண்டோதான். ஒருவர் எடுத்துச் சென்றால் ஏனையோர் முறைவைத்துக் காத்திருக்க வேண்டும். தேர்வு நெருங்கும் வேளையில் கிட்டிய நூலை இரவோடிரவாகக் கையால் படியெடுப்போம். விடுதியில் 10 மணிக்கு விளக்கணைந்துவிடும். பின்னர்த் தாழ்வாரத்து மங்கல் விளக்கே துணை. வாங்க வகையற்றோர்க்கு மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகள் கைகொடுத்தன. 1985இல் அது தீக்கிரையான செய்தி கேட்டு, உறவினரை இழந்தாற்போல் வருந்தினோம்.

இன்று மின்னூல் படிப்பானைக் கையிலேந்துந்தோறும் அந்நாட்கள் நினைவில் எழுகின்றன. ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ள சிறு பலகை ஆயிரம் நூல்களைத் தாங்கி நிற்கிறது! அதன் திரை தொலைக்காட்சித் திரை போன்றதன்று. அதனுள் நுண்குமிழ்கள் நிறைந்துள்ளன. அவற்றில் வெண்துகள்களும் கருந்துகள்களும் மிதக்கின்றன. மின்விசையின் திசைக்கேற்பக் கருந்துகள்கள் மேலெழும் இடத்தில் எழுத்துத் தோன்றுகிறது. தோன்றிய எழுத்து நிலைத்து நிற்க மின்சாரம் வேண்டுவதில்லை. ஆதலின் ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் படிக்கலாம். 2007இல் அமேசான் நிறுவனம் 399 டாலர் விலையில் வெளியிட்ட முதற் கிண்டிலில் விளக்கில்லை. அது பின்னரே வந்தது. விளக்குடன் கூடிய ஒன்று அன்று கிடைத்திருப்பின், விடுதிக் காவலரின் ஏச்சிலிருந்தேனும் தப்பியிருப்போம்.

குறைகளும் இல்லாமலில்லை. படித்து முடித்த நூலை அடுத்த வகுப்புத் தம்பிக்குக் கொடுத்துவிடும் உரிமை, விலைகொடுத்து வாங்கும் மின்னூலில் பெரும்பாலும் இல்லை. 2009இல் ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை, வாங்கியோரின் கருவியிலிருந்தே அமேசான் அழித்தது. பின்னர் மன்னிப்புக் கேட்டது. அலமாரியில் உள்ள நூலை எந்தக் கடைக்காரர் வந்து எடுத்துச் செல்ல முடியும்?

ஆயினும் இக்கருவியால் பெரும்பயன் பெற்றிருக்கக்கூடியவர் நாமல்லர். ஊரிலிருந்த நம் லாத்தா. எட்டாம் வகுப்பில் முதலாவதாகத் தேறியவரைப் பருவமெய்தியதும் பள்ளியினின்று நிறுத்திவிட்டனர். அந்நாளில் நம் ஊர்க் குடும்பங்கள் பலவற்றில் அதுவே வழக்கம். ஊர் நூலகத்தில் பெண்கள் கால்வைத்து நாம் கண்டதில்லை. விடுமுறை நெருங்கினால், "தம்பி, படித்த புத்தகங்களைக் கொண்டுவர மறந்துவிடாதே" என்று அஞ்சலட்டை வந்துவிடும். ஒரு தகரப்பெட்டியில் எத்தனை நூல்கள் கொள்ளும்? ஐந்தோ ஆறோ கொணர்வோம். அடுத்த விடுமுறைக்குள் அவற்றை மும்முறை வாசித்திருப்பார். நாம் வாங்கிய பட்டத்தை அவர் எளிதிற் பெற்றிருப்பார் என்பதில் நமக்கு ஐயமில்லை.

சீறாப்புராணம் முழுவதையும் படிக்க வேண்டுமென்பது அவருடைய ஆவல். வீட்டிலிருந்ததோ விலாதத்துக் காண்டம் மட்டுமே. 1998 பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தில், தன்னார்வலர்கள் தட்டச்சிட்ட தமிழ் நூல்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. உமறுப்புலவரின் காப்பியமும் அங்குண்டு. அதனைக் கருவியில் ஏற்றி, எழுபதைக் கடந்த லாத்தாவின் கையில் சென்ற ஆண்டு கொடுத்தோம். கண்புரையால் அச்செழுத்து மங்கித் தெரிகிற அவர், எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு லுஹருக்குப் பின் அன்றாடம் வாசித்தார். ஹிஜ்றத்துக் காண்டமும் முடிந்துவிட்டது. உமறுப்புலவர் நிறைவு செய்யாது விட்ட வரலாற்றைப் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறாவாகப் பாடியுள்ளாரே, அதை எப்போது ஏற்றித் தருவாய் என்று இப்போது கேட்கிறார். தேடிக்கொண்டிருக்கிறோம்.