மூட்டையில் உள்ள தேதி

பீடோங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூன்று கித்தான் தொட்டிகள் இருக்கின்றன. தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு அப்பா கெளுத்தி வளர்க்கத் தொடங்கினார். முதல் முறை நல்ல விளைச்சல். இரண்டாம் முறை, குஞ்சு விட்ட இரண்டு மாதத்தில் பல மீன்கள் கோணிக்கோணி நீந்தின. பிடித்துப் பார்த்தால், முதுகு கொக்கி போல வளைந்திருந்தது.

"கோழிக்குக் கொடுக்கிற ஆண்டிபயாட்டிக்கைத் தீவனத்தில் கலந்து போடு, சரியாகிவிடும்" என்றார் அப்பாவின் நண்பர். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"நம்ம பேரப்பிள்ளைகளும் இந்த மீனைத்தான் சாப்பிடுறாங்க அப்பா" என்று நிறுத்தினேன். மீனின் உடலில் மருந்து தங்கிவிடக்கூடும். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்றவை உணவுக்கான விலங்குகளுக்குத் தடை செய்யப்பட்டவை.

இரண்டு மீன்களை எடுத்துக்கொண்டு மீன்வள அதிகாரியிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "தீவனத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள்?"

மலிவாகக் கிடைத்ததென்று மொத்தமாக வாங்கி, தகரக் கொட்டகையில் நாலு மாதமாக அடுக்கி வைத்திருந்தோம். அங்கேதான் கோளாறு. நம்மைப் போலவே பெரும்பாலான மீன்களுக்கும் வைட்டமின் சி-யைத் தாமே தயாரிக்க முடியாது. எலும்பு உறுதியாக வளர அது வேண்டும். ஆனால் வெப்பத்திலும் ஈரத்திலும் நாள்பட அது அழிந்துவிடும்.

"தோட்டத்துக் குட்டையில் எந்த வைட்டமினைப் போட்டோம்?" என்று அப்பா விடவில்லை. குட்டையில் பாசியும் பூச்சியும் உண்டு. தொட்டியில் நாம் போடுவது மட்டும்தான் சாப்பாடு. 1970களிலேயே அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வைட்டமின் சி இல்லாத தீவனம் தின்ற கெளுத்திகளுக்கு முதுகெலும்பு வளைவதைக் காட்டிவிட்டார்கள்.

வளைந்த முதுகு பிறகு நிமிரவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட மீன்கள் விலை போகவில்லை.

இப்போது ஒரு மாதத்துக்கான தீவனம் மட்டுமே வாங்குகிறோம். வெப்பத்தைத் தாங்கும் பாஸ்பேட் வடிவ வைட்டமின் சி சேர்த்ததா என்று கேட்டு வாங்குகிறோம். சிமெண்டுத் தரையில் வைக்காமல், நிழலில் பலகை மேல் வைக்கிறோம். குடலுக்கு நல்லது செய்யும் பேசில்லஸ் நுண்ணுயிர், எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஈஸ்ட்டின் பீட்டா குளுக்கான் என்று தீவனத்தில் சேர்க்க இன்னும் பல உண்டு. ஆனால் இவை எதுவும் நோய் வந்த பிறகு போடும் மருந்து அல்ல. தண்ணீர் நாறினால், எதைச் சேர்த்தாலும் அந்தக் காசு வீண்.

முன்பெல்லாம் அப்பா கடையில் முதலில் விலையைத்தான் கேட்பார். இப்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூட்டையைப் புரட்டித் தேதியைத் தேடுகிறார்.