தோளில் ஒரு வேதாளம்

ஒவ்வொருத்தருக்கும் ஒரு கிறுக்கு உண்டு. நம் வகுப்பிலேயே பழைய நாணயம் சேர்ப்பவன் இருக்கிறான். தீப்பெட்டி லேபிள் ஒட்டி வைப்பவன் இருக்கிறான். லயன் காமிக்ஸ், முத்து காமிக்ஸ் என்றால் சோறு தண்ணி இல்லாமல் உட்காருபவர்கள் ரெண்டு பேர் இருக்கிறார்கள். என் கிறுக்கு இவற்றுக்கெல்லாம் கொஞ்சம் மூத்தது. நான் சேர்ப்பது அம்புலிமாமா. அதிலும் வேதாளக் கதை வரும் பக்கங்கள் கிழியாமல், படம் கெடாமல், கலர் நகராமல் இருக்கும் பழைய இதழ்கள்.

"அது குழந்தைப் புத்தகம்தானே?" என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் வரலாறு. நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் சென்னையில் இந்தப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். தெலுங்கில் சந்தமாமா, தமிழில் அம்புலிமாமா. பிறகு ஒரு டஜனுக்கு மேற்பட்ட மொழிகளில் வந்தது. பின்னாளில் 'பாதாள பைரவி', 'மாயா பஜார்' படங்களை எடுத்தவர்களும் இவர்களேதான். அந்தப் படங்களில் இருக்கும் மந்திரமும் சிரிப்பும் பத்திரிகையிலும் இருந்ததில் ஆச்சரியமே இல்லை!

வேதாளக் கதை தெரியாதவர் உண்டா? அரசன் மரத்தில் ஏறுகிறான், பிணத்தை இறக்கித் தோளில் போடுகிறான், நடக்கிறான். உள்ளே இருக்கும் வேதாளம் கதை சொல்லிக் கடைசியில் ஒரு கேள்வி கேட்கிறது. பதில் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தலை சிதறும். வாயைத் திறந்தால் மௌனம் கலையும், வேதாளம் திரும்ப மரத்துக்கே போய்விடும். எப்படிப் பார்த்தாலும் அரசனுக்கு நஷ்டம். வைவாவில் எக்ஸ்டர்னல் முன்னால் நிற்கும் நம் நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது.

இந்தக் கதைகள் 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்து சோமதேவர் எழுதிய 'கதாசரித்சாகர'த்திலேயே இருக்கின்றன. அங்கே அரசனின் பெயர் திரிவிக்கிரமசேனன், மரம் சிம்சபா மரம். தமிழுக்கு வந்தபோது அரசன் விக்கிரமாதித்தன் ஆனான், மரம் முருங்கை ஆனது. மூலத்தில் இருபத்துச் சொச்சம் கதைகள்தான். அம்புலிமாமா அந்தச் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மாதா மாதம் புதுக் கதை கோத்து, நூற்றுக்கணக்கில் கொண்டு போனது.

கதை எத்தனை மாறினாலும் ஒரு படம் மட்டும் மாறாமல் நிற்கிறது. உருவிய வாளோடு அரசன் மயானத்தில் நடக்கிறான். தோளில் வேதாளம். சுற்றிலும் மண்டை ஓடுகள். இதை வரைந்தவர் சங்கர் என்ற கே. சி. சிவசங்கரன். அந்த 'கே' எந்த ஊர் தெரியுமா? காரத்தொழுவு! நம்ம அமராவதிக் கரைப் பக்கம், இன்றைய மடத்துக்குளம் தாலுகா. 1924-இல் பிறந்தவர், சிறு வயதிலேயே குடும்பத்தோடு சென்னை போய், அரசு ஓவியப் பள்ளியில் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த காலத்தில் படித்தார். 1946-இல் 'கலைமகள்' பத்திரிகையில் சேர்ந்து, 1952-இல் அம்புலிமாமாவுக்கு வந்தார். அறுபது வருடத்துக்கு அங்கேதான் வரைந்தார். 2020 செப்டம்பரில் மறைந்தார். அடுத்த வருடம் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. நம் பக்கத்து ஊர்ப் பெயரை இனிஷியலாக வைத்துக்கொண்டு இந்தியா முழுக்கப் பிள்ளைகளைப் பயமுறுத்தியவர் ஒருவர் இருந்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி சேகரிப்புக்கு வருகிறேன். அப்புச்சி மூலனூர்ப் பக்கம் டீக்கடை வைத்திருந்தார். கடைக்கு வருபவர்கள் படிக்கட்டும் என்று அம்புலிமாமா வாங்கிப் போடுவார். மாதம் முடிந்ததும் சணலில் கட்டி வீட்டு அட்டாலியில் ஏற்றிவிடுவார். மாமா அந்த ஓட்டு வீட்டைப் பிரித்தபோது கட்டு கீழே இறங்கியது. எடைக்குப் போக இருந்ததை, "எனக்குக் குடுங்க மாமா" என்று கேட்டு வாங்கி வந்தேன். 1961 முதல் 1970 வரை பத்து வருடம், 120 இதழ் இருந்திருக்க வேண்டும். கட்டில் இருந்தது 94. பல அட்டைகளில் டீ டம்ளர் வட்டம் வேறு!

பழைய காகிதத்தைப் பற்றி அன்றைக்குத்தான் படிக்க ஆரம்பித்தேன். மலிவான தாளில் மரக்கூழின் லிக்னின் அப்படியே தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுத்து நொறுங்கும். நடுவில் அடித்த பின் துருப்பிடித்து, துரு தாளைத் தின்னும். ராமபாணப் பூச்சி பசை இருக்கும் இடமாகப் பார்த்துச் சாப்பிடும். ஆகவே முதல் வேலை பின்னைப் பிடுங்குவது, இரண்டாவது வேலை நல்ல பைண்டரைத் தேடுவது.

தாராபுரத்தில் ஒரு பெரியவர் கிடைத்தார். "மிஷின்ல போட்டு மூணு பக்கமும் வெட்டிரலாமா?" என்று கேட்டார். வேண்டாமென்றேன். ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் போனாலும் சில படங்களில் வேதாளத்தின் தலைமுடி போய்விடும். மெஷின் ஷாப்பில் டாலரன்ஸ் என்று தினமும் படிக்கிறோமே, அது இதுதான். அவர் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு இதழையும் மடிப்பில் நூல் விட்டுத் தைத்து, மயில்துத்தம் கலந்த மைதாப் பசையில் காலிகோ ஒட்டிக் கொடுத்தார். மயில்துத்தம் எதற்கு? பூச்சி வராமல் இருக்க!

நல்ல பிரதி எது, கெட்ட பிரதி எது என்று எனக்குக் கற்றுக் கொடுத்தவர் என் அம்மா. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. விடியற்காலை வேன் ஏறினால் ராத்திரிதான் வீடு. பனியனில் நான்கு கலர் பிரிண்ட் அடித்தால் நான்கு ஸ்கிரீன். ஒரு ஸ்கிரீன் நூலிழை நகர்ந்தாலும் பீஸ் செகண்ட்ஸுக்குப் போய்விடும். அந்தக் கண்ணால் அம்மா ஒரு அட்டையைப் பார்த்தார். "இதுல சேப்பு அவுட்டாயிருக்குது கண்ணு, உதட்டுல இருக்க வேண்டியது மீசைக்குப் போயிருச்சு" என்றார். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உண்மை! அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இதழ்களுக்கு மூன்று தரம்: எக்ஸ்போர்ட், செகண்ட்ஸ், வேஸ்ட்.

அச்சுத் தரத்துக்கு இத்தனை அலட்டல் தேவையா என்று சிரிக்காதீர்கள். 1865-இல் இங்கிலாந்தில் 'ஆலிஸின் அற்புத உலகம்' 2000 பிரதி அச்சாகி வந்தது. படம் வரைந்த டென்னியலுக்குத் தன் படங்கள் அச்சான விதம் பிடிக்கவில்லை. எழுதிய லூயிஸ் கரோல் (ஆக்ஸ்ஃபோர்டில் கணக்கு வாத்தியார்!) அத்தனையையும் திரும்பப் பெற்று, மறுபடி அச்சடிக்க வைத்தார். செலவு அவர் தலையில்தான். படக்கதையில் கோடு என்பது அலங்காரம் அல்ல, பாதிக் கதையே அதுதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சங்கரின் கோடுகளை நம் டிராயிங் ஹால் கண்ணால் ஒருமுறை பாருங்கள். அருகில் இருப்பதற்குத் தடித்த கோடு, தூரத்தில் இருப்பதற்கு மெல்லிய கோடு. நிழலுக்கு ஹேச்சிங், அதுவும் உடம்பின் வளைவை ஒட்டியே போகும். ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி எங்குமே இருக்காது, ஆனால் எதுவும் இடம் தவறியிருக்காது. பிணம் தூக்கி நடப்பவன் எந்தப் பக்கம் சாய்வான் என்பதுகூடச் சரியாக இருக்கும். சென்டர் ஆஃப் கிராவிட்டி படித்தவர்கள் சரிபார்த்துக் கொள்ளலாம்.

"இதெல்லாம் செல்போன்லயே ஸ்கேன் கிடைக்குதேடா" என்கிறான் நண்பன். கிடைக்கிறதுதான். எனக்கும் அது உதவுகிறது, எந்த இதழில் எந்தப் பக்கம் குறைகிறது என்று ஒப்பிட. ஆனால் சினிமாப் பாட்டை ரிங்டோனில் கேட்ட மாதிரிதான். தாளின் முரட்டுத்தனமும், கறுப்புக் கோடு கொஞ்சம் மசி கூடி நிற்பதும் அதில் வராது. அதோடு, அச்சுப் பிரதி இனிமேல் புதிதாக வரப்போவதில்லை. 1998-இல் ஒரு தடவை நின்று, 1999 கடைசியில் மறுபடி வந்து, 2007-இல் மும்பை சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றின் கைக்குப் போய், 2013-இல் பத்திரிகை அடியோடு நின்றுவிட்டது. பழையதிலும் எவ்வளவோ போயிற்று. சென்னையில் பழைய புத்தகத்துக்குப் பேர்போன மூர் மார்க்கெட் 1985-இல் தீயில் எரிந்தது.

லயன்-முத்து நண்பர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். முத்து 1972-இல் தொடங்கியது, லயன் 1984-இல் வந்தது. இன்றைக்கும் சிவகாசியிலிருந்து வழவழ ஆர்ட் தாளில் கலராக வருகிறது. அவர்கள் புதுசு வாங்கலாம். நான் உக்கடத்துப் பழைய புத்தகக் கடையிலும், ஈரோட்டு ஆக்கர் கடை மூட்டையிலும் தேட வேண்டும். இரண்டு வருடத்தில் தேறியது 11 இதழ். ஆக 105.

இனிமேல்தான் சிக்கல். போன வருடம் சென்னையிலிருந்து ஒருவர் போன் செய்தார். பைண்ட் செய்த மொத்தத்துக்கும் 15,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். சரியாக செமஸ்டர் ஃபீஸ் கட்ட வேண்டிய வாரம்! விஷயம் மாமா காதுக்கும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தார்.

"ஏனம்மிணி, எங்க வீட்டு அட்டாலியில கெடந்ததுக்கு இவ்வளவு வெலைங்கறாங்க. அப்பன் சொத்துன்னா எனக்கும் பங்கு உண்டுதானே?"

மாமா கேட்டதில் தப்பில்லை. ஆனால் எனக்கு வேதாளமே சோபாவில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. கேள்வியைப் பாருங்கள்: காசு போட்டு வாங்கியவர் அப்புச்சி. முப்பது நாற்பது வருடம் மழை படாமல் கூரைக்குக் கீழே வைத்திருந்தவர் மாமா. பின் பிடுங்கி, தைத்து, குறைந்ததைத் தேடிச் சேர்த்தவன் நான். அப்படியானால் இது யாருடையது? தெரிந்தும் பதில் சொல்லாவிட்டால் தலை என்னாகும் என்று உங்களுக்கே தெரியும்.

சோமதேவரின் இரண்டாவது வேதாளக் கதையும் இதே மாதிரிதான். இறந்துபோன பெண்ணின் சாம்பலில் ஒருவன் படுத்துக் கிடக்கிறான், இன்னொருவன் எலும்பைக் கங்கைக்குக் கொண்டு போகிறான், மூன்றாமவன் மந்திரம் கற்று வந்து உயிர் கொடுக்கிறான். அவள் யாருக்கு? உயிர் கொடுத்தவன் தகப்பன் முறை, எலும்பு சுமந்தவன் மகன் முறை, சாம்பலை விட்டு நகராதவன்தான் கணவன் என்கிறான் அரசன். பெரிய வேலை செய்தவனுக்கு அல்ல, கூடவே இருந்தவனுக்குத் தீர்ப்பு!

அந்தக் கணக்கில் பார்த்தேன். எங்கள் வீட்டில் இந்தப் புத்தகங்களோடு கூடவே இருப்பவர் யார்? அம்மா. அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றவர். வேனை விட்டு இறங்கி, சோறாக்கி, பாத்திரம் கழுவிவிட்டு, விரலை வைத்து எழுத்துக் கூட்டி ராத்திரிக்கு ஒரு கதை படிக்கிறார். 1963 வரைக்கும் வந்துவிட்டார். இப்போதெல்லாம் விரல் வைப்பதில்லை. கேள்வி வரும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, தானே பதில் யோசித்துவிட்டுத்தான் பக்கத்தைத் திருப்புவார்.

அதைத்தான் மாமாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "விக்கறதுன்னா எனக்குப் பாதி மாப்ளே. படிக்கறதுன்னா எனக்கொண்ணும் வேண்டாம்" என்றார். விக்கிரமாதித்தனே வந்திருந்தாலும் இதைவிட நல்ல தீர்ப்பு சொல்லியிருக்க மாட்டான்.

ஃபீஸ்? அம்மா சீட்டை முன்னாலேயே தள்ளி எடுத்துக் கட்டினார். தள்ளு போனது போனதுதான். வீட்டுக்குக் கிரைண்டர் வாங்கவென்று போட்ட சீட்டு அது; மாவு இன்னும் பக்கத்து வீட்டில்தான் ஆட்டி வருகிறோம். "கிரைண்டர் கடையில எப்பவும் இருக்கும் சாமி" என்பது அம்மாவின் கணக்கு. சீக்கிரம் ஒரு வேலைக்குப் போய் அதை வாங்கிப் போட வேண்டும் என்பது என் கணக்கு.

நண்பர்களே, இன்னும் 15 இதழ் பாக்கி. லீவுக்கு ஊருக்குப் போகும்போது தாத்தா வீட்டு அட்டாலியில் ஒரு பார்வை பாருங்கள். 1960-களின் அம்புலிமாமா இருந்தால் எடைக்குப் போடுமுன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். டீ வட்டம் இருந்தாலும் பரவாயில்லை, கலர் அவுட்டாகாமல் இருந்தால் போதும். செக்கிங் எங்க அம்மா பார்த்துக்கொள்வார்!