மரை கழண்ட கேஸ்

பி.காம். படித்தவனுக்கு மூன்று வருஷத்தில் மூன்று விஷயம்தான் மனசில் தங்கும். பற்று, வரவு, தேய்மானம். மற்றதையெல்லாம் பட்டமளிப்பு விழா கவுனோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். இதில் தேய்மானம் இருக்கிறதே, அது பொல்லாதது. புது டிஜிட்டல் காமிரா வாங்கி, டப்பாவைப் பிரிக்கிற சத்தம் அடங்குவதற்குள் விலையில் ஒரு பங்கு ஆவியாகிவிடும். அடுத்த மாடல் வந்து மீதியையும் துடைத்துக்கொண்டு போகும்.

பழைய லென்ஸ் அப்படியில்லை. கையால் திருப்பி ஃபோகஸ் பண்ணுகிற, பேட்டரியே கேட்காத, கண்ணாடியும் உலோகமுமான அந்தக் காலத்துச் சாமான் அது. தேய வேண்டியதெல்லாம் எப்போதோ தேய்ந்து முடித்துவிட்டது. கவனமாக வைத்திருந்தால் வாங்கின விலைக்கே விற்கலாம். இந்தப் பொருளாதாரத்தை மனைவியிடம் விளக்கினேன்.

"அப்ப பழைய காமிராவையே வாங்கிடலாமேங்க?"

நியாயமான கேள்வி. ஆனால் ஃபிலிமுக்கு எங்கே போவது? 1967-ல் ஊட்டியில் ஃபிலிம் தயாரிக்க ஆரம்பித்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸே மூடியாயிற்று. வெளிநாட்டு ஃபிலிம் ரோல் விலையில் ஒரு வாரக் காய்கறி வாங்கலாம். அதனால் புதுக் காமிரா, பழைய லென்ஸ். கலப்புத் திருமணம்.

பொருத்தம் பார்க்காமல் பண்ணக்கூடாது. லென்ஸின் அடிப்பாகத்துக்கும் ஃபிலிமுக்கும் (இப்போது சென்ஸாருக்கும்) ஒரு நிர்ணயமான இடைவெளி உண்டு. எம்.42 என்று ஒரு வகை. 42 மி.மீ. விட்டம், மரை போட்டுத் திருகுகிற லென்ஸ்கள். ஜெனித், பிராக்டிகா, பழைய பென்டாக்ஸ் எல்லாம் இந்த ஜாதி. இதற்கு இடைவெளி 45.46 மி.மீ. ஸோனியின் கண்ணாடியில்லா காமிராவுக்கு, அதாவது மிர்ரர்லெஸ்ஸுக்கு, 18 மி.மீ. தான். மிச்சமுள்ள 27.46 மி.மீட்டருக்கு ஒரு குழாய் வைத்தால் கல்யாணம் முடிந்தது. அந்தக் குழாய்க்குப் பெயர் அடாப்டர். உள்ளே ஒன்றுமே கிடையாது, காற்றுதான். காற்றுக்கு 900 ரூபாய் கொடுத்தேன்.

நிக்கானின் பழைய டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்கள் அவசரப்படாதீர்கள். அதன் இடைவெளி 46.5 மி.மீ. லென்ஸ் கேட்பதைவிட ஒரு மில்லிமீட்டர் கூட. அந்த ஒரு மில்லிமீட்டரால் பக்கத்தில் இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பது கலங்கும். என் கண் மாதிரி.

லென்ஸ் தேடினேன். மூர் மார்க்கெட் 1985-ல் எரியாமல் இருந்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடிந்திருக்கும். கடைசியில் பாரிமுனைப் பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த காமிரா ரிப்பேர்க் கடையில் அகப்பட்டது ஹீலியோஸ் 44-2. ரஷ்ய லென்ஸ். 58 மி.மீ., எஃப்/2. பூர்வீகம் ஜெர்மனி. 1930-களில் கார்ல் ஜெய்ஸ் கம்பெனி செய்த பயோட்டார்தான் இதன் மூதாதை. யுத்தம் முடிந்ததும் யேனா நகரத்துத் தொழிற்சாலையிலிருந்து இயந்திரங்களையும் வரைபடங்களையும் ரஷ்யர்கள் நஷ்டஈடாக எடுத்துக்கொண்டு போனார்கள். ஜெனித் காமிராக்களோடு லட்சக்கணக்கில் செய்து தள்ளினார்கள். அதனால்தான் இன்னமும் மலிவு.

இந்த லென்ஸில் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் பிறந்த வருஷம். என்னுடையது 81. என்னைவிட மூத்தது, அதனால் மரியாதையாகவே கையாளுகிறேன்.

வாங்கும்போது செல்போன் டார்ச்சைப் பின்பக்கம் அடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழை ஓடினால் பூஞ்சை. கண்ணாடியின் பூச்சை அது அரித்திருந்தால் துடைத்தாலும் தழும்பு போகாது. நம்மூர் கார்த்திகை மாசத்து ஈரம் அதற்குப் பிரியாணி. அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா, வளையம் ஆடுகிறதா என்றும் பாருங்கள். தூசி நாலு இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. சில பழைய ஜப்பானிய லென்ஸ்களின் கண்ணாடியில் தோரியம் கலந்திருப்பார்கள். சூப்பர் டகுமார் 50 மி.மீ. எஃப்/1.4-ல் சில ரகங்கள் அப்படித்தான். வயசானால் மஞ்சள் காமாலை வந்துவிடும். வைத்தியம், வாரக்கணக்கில் வெயிலில் காயவைப்பது. ஆவடி வெயில் வற்றல் வடாமோடு இதையும் பார்த்துக்கொள்ளும்.

என் ஹீலியோஸில் பூஞ்சை இல்லை. ஆனால் ஃபோகஸ் வளையம் நகரவே மறுத்தது. உள்ளேயிருந்த கிரீஸ் கெட்டிப்பட்டுக் கருப்பட்டி ஆகியிருந்தது. கடைக்காரர் அதைக் காட்டித்தான் விலையைக் குறைத்தார். 3,500 ரூபாய்.

லென்ஸையும் குழாயையும் மேஜைமேல் பரப்பி, "இது மரை லென்ஸ்" என்றேன்.

"லென்ஸுக்கு மரை இருக்கு, சரி" என்றாள் மனைவி. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

கோவில்பதாகையில் குடியிருப்பதில் ஒரு சௌகரியம், தெருவுக்கு ஒருத்தராவது டேங்க் ஃபேக்டரியில் ரிடையர் ஆனவர் இருப்பார். ரஷ்யாவின் டி-72 டாங்கியை 'அஜேயா' என்று பெயர் மாற்றிச் செய்த ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை பக்கத்தில்தானே! எங்கள் எதிர்வீட்டு சார் அங்கே ஃபிட்டராக இருந்தவர். லென்ஸைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"ரஷ்யாக்காரன் சாமான் தம்பி. நாற்பது டன் டாங்கியையே பிரிச்சு மாட்டியிருக்கோம். இது என்ன, ஊறுகாய் டப்பா."

பிரிப்பதற்கு முன்னால் மரை விடுபடுகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார். இந்த மரைக்குப் பல வாய். தப்பான வாயில் பூட்டினால் லென்ஸ் ஜென்மத்துக்கும் ஃபோகஸ் ஆகாதாம். மண்ணெண்ணெயில் மரையைக் கழுவி, கண்ணாடிப் பக்கம் ஒரு சொட்டு போகாமல், புது கிரீஸை அரிசி அளவு தடவி, கோட்டுக்குக் கோடு சேர்த்து முடுக்கினார். வெண்ணெயாய்ச் சுற்றியது.

இனி உபயோகம். காமிராவுக்குத் தன்மேல் ஒரு லென்ஸ் உட்கார்ந்திருப்பதே தெரியாது. மெனுவுக்குள் போய், லென்ஸ் இல்லாவிட்டாலும் க்ளிக் பண்ணு என்று உத்தரவு போட வேண்டும். ஃபோகஸ் ஆகிற விளிம்புகளில் சிவப்புக் கோடு காட்டும் வசதி உண்டு. இன்னும் சந்தேகமிருந்தால் பெரிதாக்கிப் பார்க்கலாம். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து ஒன்றரை மீட்டர் தூரத்து முகத்தை எடுத்தால், தெளிவாக வருகிற ஆழம் ஐந்து சென்டிமீட்டர்தான். மூக்கு நுனியைப் பிடித்தால் காது மார்கழிப் பனியில் இருக்கும். கண்ணைப் பிடிக்க வேண்டும்.

பின்னால் மரம் இருந்தால் இலைகளெல்லாம் முகத்தைச் சுற்றிச் சுழலும். புது லென்ஸ் செய்கிறவர்கள் குறை என்று ஒழித்த சமாசாரம். இதற்காகவே உலகம் பூராவும் ஹீலியோஸைத் தேடுகிறார்கள். ஓடுகிற குழந்தை, ஏரிக்கரையில் பறக்கிற கொக்கு இதெல்லாம் இதில் ஆகாது. நான் வளையத்தைத் திருப்பி முடிப்பதற்குள் கொக்கு திருநின்றவூர் போய்விடும். உட்கார்ந்திருக்கிற மனுஷர்களுக்குத்தான் இது சரி.

மூன்றாவது வீட்டு ஆயா அப்படி உட்கார்ந்திருப்பவர். வேப்ப மரத்தடித் திண்ணை. ஒருநாள் கூப்பிட்டார்.

"யப்பா, என்னிய ஒரு படம் புடிச்சுக் குடு. மாலை போடற சைஸ்ல."

"என்ன ஆயா இப்படிச் சொல்றீங்க?"

"உள்ள போயி எங்க வூட்டுக்காரரைப் பாரு, தெரியும்."

பார்த்தேன். சந்தனப் பொட்டு, சீரியல் பல்பு, நடுவே தாத்தா. ரேஷன் கார்டு போட்டோவைப் பெரிசு பண்ணியது. தோளில் வட்ட முத்திரையின் பாதி அப்படியே இருந்தது. ஸ்டூடியோக்காரர் கண்ணுக்கு மையெழுதி, போட்டிராத கோட்டு ஒன்றையும் போட்டுவிட்டிருந்தார்.

"அது அவரே இல்லப்பா" என்றார் ஆயா. "இருபது வருசமா யாருக்கோ மாலை போட்டுனு கீறேன்."

எத்தனை வீட்டுச் சுவரில் இப்படி! நல்ல படம் எடுக்கிற யோசனை நமக்கு ஆள் போன அன்றைக்குத்தான் வருகிறது. ஐஸ் பெட்டி வந்துவிடும், போட்டோ வராது. பீரோவைக் கலைத்து, கல்யாண ஆல்பத்தில் பந்தி ஓரத்தில் வாயில் அப்பளத்தோடு நிற்கிற உருவத்தை வெட்டியெடுப்போம்.

திண்ணையில் உட்காரவைத்து ஆரம்பித்தேன். முதல் நாலு படத்தில் ஆயா சிலை. முதுகு விறைப்பு, கண் வெறிப்பு, ரேஷன் கார்டு முகம். நான் வளையத்தைத் திருப்பிப் பெரிதாக்கிப் பார்த்து, மறுபடி திருப்பிக்கொண்டிருந்தேன். செல்போன் என்றால் அதற்குள் முடிந்து வீட்டுக்கு வந்திருப்பேன். இதில் நேரமானதில் ஆயாவுக்கு அலுத்துவிட்டது. என்னை மறந்து, தெருவில் மீன்காரியிடம் வஞ்சிரம் விலை விசாரித்து, கேட்ட விலைக்குக் கையை ஆட்டிச் சிரித்தார். கண் ஃபோகஸில் இருந்தது. அழுத்தினேன். பின்னால் வேப்பிலை பூராவும் சுழன்று நின்றது.

12-க்கு 15 பிரிண்ட் போட்டு ஃப்ரேமோடு கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஷோக்கா கீது. இது நான்தான்." பிறகு, "ஆனா இத்த மாலைக்கு வெக்க வாணாம்" என்றார்.

"ஏன் ஆயா?"

"மீனுக்கு வெலை பேசினுகீறேன். செத்துப் போனவ சுவத்துல நின்னுக்குனு வெலை பேசலாமா? இப்பவே மாட்டு, நான் பாக்கணும். அந்தப் படத்த மெதுவா எடுத்துக்கலாம், ஒண்ணும் அவசரம் இல்ல."

எடுக்கலாம். லென்ஸுக்கும் அவசரம் கிடையாது. எவர்சில்வர் சம்படத்தில் சிலிக்கா ஜெல் போட்டு மூடி வைத்திருக்கிறேன். நீல மணி ஈரம் இழுத்து ரோஸ் கலரானால் வாணலியில் லேசாகச் சூடு காட்டினால் போதும், மறுபடி நீலம். அது சம்பந்தமாக மனைவி ஒரே ஒரு நிபந்தனை விதித்திருக்கிறாள். அந்த வாணலியில் இனிமேல் நானேதான் சாப்பிட வேண்டும்.